பிணை கிடைத்தும் தம்பி வெளியே வரவில்லையா?
நீதிமன்றம் பிணை கொடுத்தும், கட்டப் பணமில்லாமல் உங்கள் தம்பி மூன்று வாரமாகச் சிறையிலேயே இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து வட்டிக்கு வாங்கிவிடாதீர்கள். ஏழைக் கைதிகளுக்கு உதவ ஒன்றிய அரசு 2023-இல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அந்த ஆண்டின் வழிகாட்டுதல்படி, விசாரணைக் கைதிக்காக 40,000 ரூபாய் வரை அரசே நீதிமன்றத்தில் கட்டும். பிணை உத்தரவாகி 7 நாள்களில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறை நிர்வாகமே, ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். பல இடங்களில் தெரிவிப்பதே இல்லை. ஒதுக்கிய பணம் அப்படியே கிடக்கிறது. இதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

நாளைக்கே பிணை உத்தரவின் நகலோடு அந்த ஆணைக்குழுவின் செயலாளரைப் பாருங்கள். மனுவை எழுத்தில் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். போதைப்பொருள், ஊழல், உபா (சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டம்), சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்குகளுக்கு இது பொருந்தாது. தம்பியின் வழக்கு எந்தச் சட்டப் பிரிவில் என்று எழுதுங்கள்.