விசா மறுத்தால் மறுபடி போடுமுன் பழைய விண்ணப்பத்தைக் கையில் எடுங்கள்

கேள்வி: லண்டனில் மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பார்க்கப் போக விசிட் விசா போட்டேன், மறுத்துவிட்டார்கள். கணவர் இல்லை. சம்மாந்துறைப் பக்கம் நாலு ஏக்கர் வயல் என் பெயரில் இருக்கிறது. ஏஜென்சிக்காரர் என் கணக்கில் 20 இலட்சம் போட்டுக் காட்டிவிட்டுப் பிறகு எடுத்துக்கொண்டார். எங்கள் ஒழுங்கையில் ஒன்றுமில்லாதவர்களுக்கெல்லாம் விசா கிடைத்திருக்கிறது. அப்பீல் செய்யலாமா? ஏஜென்சிக்காரர், புதுப் பாஸ்போர்ட் எடுத்து, மறுத்ததைக் காட்டாமல் போடுவோம் என்கிறார். அவர்மேல் வழக்கும் போட யோசிக்கிறேன். மறுப்புக் கடிதத்தை இணைத்திருக்கிறேன். (காரைதீவு வாசகி)

பதில்: அம்மா, ஒழுங்கையில் யாருக்குக் கிடைத்தது என்பதை விடுங்கள். அப்பீலையும் விடுங்கள். குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இருந்த முழு மேன்முறையீட்டு உரிமையைப் பிரித்தானியா 2013 யூனிலேயே எடுத்துவிட்டது. மனித உரிமை என்று வாதாட இடமுண்டு. ஆனால் கல்யாணம் முடித்த மகளைப் பார்க்கப் போகும் தாய் அதில் வெல்வது மிக அரிது.

கடிதத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான். விசா முடிய நாடு திரும்புவீர்கள் என்று நம்பவில்லை, பணம் எங்கிருந்து வந்ததென்று விளங்கவில்லை என்று இருந்தால் அது சாதாரண மறுப்பு. காத்திருப்புக் காலம் கிடையாது, நாளைக்கே மறுபடி போடலாம். பொய்த் தகவல், போலி ஆவணம் என்று எழுதி, ஏமாற்றியதாகத் தீர்மானித்திருந்தால் 10 ஆண்டுத் தடை. உங்களுடையது முதலாவது வகை. அதை இரண்டாவது வகையாக்காமல் பார்ப்பதுதான் இப்போது முக்கியம். ஏஜென்சிக்காரர் சொல்வதைக் கேட்டால் நேரே அங்கேதான் போய் நிற்பீர்கள்.

புதுப் பாஸ்போர்ட் எதையும் மறைக்காது. கைரேகை உங்களுடையதுதானே. எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதா என்று படிவம் நேராகக் கேட்கிறது. 'இல்லை' என்று போட்டால் வயல், பேரப்பிள்ளை, மகளின் சம்பளம் எதையும் பார்க்கத் தேவையில்லாமலே மறுத்துவிடலாம்.

இதைவிட அதிகம் பேர் மாட்டுவது வேறொன்றில். முதல் படிவத்தில் ஏஜென்சி என்ன எழுதியது என்று அவர்களுக்கே தெரியாது. அதில் 'சொந்த வியாபாரம், மாத வருமானம் ஒன்றரை இலட்சம்' என்று இருக்கலாம். இம்முறை நீங்கள் உண்மையைச் சொல்லி வயலைக் காட்டினால், அதிகாரி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். 'ஏஜென்சி எழுதியது, எனக்குத் தெரியாது' என்பது எடுபடாது, உறுதிமொழி உங்கள் பெயரில் இருக்கிறது. ஆகவே முதலில் அந்தப் படிவத்தின் பிரதி வேண்டும். ஏஜென்சி தராவிட்டால் பிரித்தானிய உள்துறை அமைச்சிடம் உங்கள் தரவைக் கேட்டு விண்ணப்பிக்கலாம், கட்டணமில்லை. பிரதி வரும்வரை எதையும் போடாதீர்கள். அதில் பிழையிருந்தால், அவர்கள் கண்டுபிடிக்க முன் நீங்களே கடிதத்தில் சொல்லித் திருத்த வேண்டும். அந்தக் கடிதத்தை ஒரு சட்டத்தரணிக்குக் காட்டாமல் அனுப்பாதீர்கள்.

இனிப் பணம். மறுப்புக் கடிதத்தில் உள்ளபடி 48,000 ரூபா கிடந்த உங்கள் கணக்கில் ஒரே நாளில் 20 இலட்சம் விழுந்தால், கணக்கு மீதியை யார் பார்ப்பார்? வந்த வழியைத்தான் பார்ப்பார்கள். நெல்லைக் கைக்காசுக்கு விற்கிறவர்களுக்கு இங்கேதான் இடறுகிறது, வருமானம் உண்மை, ஆனால் தடயமில்லை. அடுத்த போகத்து நெற்காசைக் காசோலையாக வாங்கிக் கணக்கில் போடுங்கள். விற்ற பற்றுச்சீட்டு, காணி உறுதி, கமநல சேவை நிலையக் கடிதம் மூன்றும் அந்தத் தொகையோடு பொருந்த வேண்டும். செலவை மகள் ஏற்பதில் தடையில்லை. அவருடைய சம்பளச் சீட்டும் வங்கிக் கூற்றும் வரட்டும். அவருடைய பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்கிறதா என்றும் பாருங்கள். தமிழ் ஆவணத்துக்கு மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், திகதி, தொடர்பு விபரம் உள்ள மொழிபெயர்ப்பு இல்லாவிட்டால் பயனில்லை.

மறுப்புக் கடிதத்தின்படி, உங்கள் முதல் விண்ணப்பத்தில் ஆறு மாதம் கேட்டிருக்கிறீர்கள். வயலை நானே பார்க்கிறேன் என்று எழுதிவிட்டு விதைப்பு நேரம் முழுக்க லண்டனில் இருக்கக் கேட்டால் யார் நம்புவார்? சிறுபோகம் வெட்டி, பெரும்போகம் விதைக்க முன் ஐந்தாறு வாரம் கேளுங்கள். மகளின் கடிதத்தில் 'நான் வேலைக்குத் திரும்ப அம்மா பிள்ளையைப் பார்ப்பார்' என்ற வரி இருந்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள், சும்மா எழுதியதென்றால். உண்மையிலேயே அதுதான் திட்டம் என்றால் விசிட் விசா அதற்குரியதல்ல. பேரப்பிள்ளையோடு இருப்பது, கொஞ்சக்காலம் கைகொடுப்பது வேறு. சம்பளமில்லாத ஆயாவாகப் போவது வேறு.

ஏஜென்சிமேல் வழக்கு வேண்டாம். போட்டால் அந்த 20 இலட்சம் காட்டுவதற்குப் போட்ட காசு, அது உங்களுக்கும் தெரியும் என்று நீங்களே எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டிவரும். அந்தத் தாள் பிறகு யார் கையில் போகும் என்று சொல்ல முடியாது. உறுதி, பாஸ்போர்ட், விண்ணப்பப் பிரதி மூன்றையும் முதலில் திருப்பி வாங்குங்கள். கொடுத்த காசில் பாதி தருகிறேன் என்றாலும் வாங்கிக்கொண்டு, பற்றுச்சீட்டில் 'தீர்ந்தது' என்று எழுதி முடியுங்கள். தர மறுத்தால் மத்தியஸ்த சபை. அதுவரை, மகளுக்குப் பயணம் செய்ய முடியுமென்றால் குழந்தையோடு அவரே காரைதீவுக்கு வரட்டும்.