எந்த மாதத்தில் இலங்கை வரலாம்? கேள்வி பதில்

திருகோணமலையில் சுற்றுலாப் பயணிகளுக்கு வான் ஓட்டுகிறவன் நான். வீட்டில் பாதிப் பேர் கடல் தொழில். இலங்கையில் மழை, காற்று, கடல், எந்த மாதம் எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டால் தெரிந்ததைச் சொல்கிறேன். விசா, ஹோட்டல் விலை, எவ்வளவு தங்கம் போட்டுக்கொண்டு வரலாம் என்பதெல்லாம் எனக்கு வேண்டாம். சரி, போடுங்கள்.

கோவைக்காரன்: அண்ணா, முதல் தடவை வருகிறோம். இலங்கைக்கு சீசன் எப்போது? ஒரே வரியில் சொன்னால் போதும்.

ஒரே வரியில் அடங்குமென்றால் நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கிறேன், தம்பி? எந்தக் கரைக்குப் போகிறீர்கள் என்று சொல்லாமல் மாதத்தை மட்டும் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வடக்கிலிருந்து தெற்குவரை 430 கிலோமீட்டர் சொச்சம்தான் இந்தத் தீவு, ஆனால் இரண்டு பருவக்காற்று, ஒவ்வொன்றும் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொள்ளும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று. கொழும்பு, பெந்தோட்டை, காலி, மிரிஸ்ஸ, மலைநாட்டின் மேற்குச் சரிவு எல்லாம் அதற்கு நேர் எதிரே நிற்கின்றன. நடுவில் மலை இருக்கிறதே, பிதுருதலாகல 2524 மீட்டர், அதில் ஏறும்போதே காற்று தன் தண்ணீரையெல்லாம் மேற்குப் பக்கம் கொட்டிவிட்டு, கிழக்கே இறங்கும்போது காய்ந்து சூடாக வரும். கிழக்கில் அதைக் கச்சான் என்போம். அந்த மாதங்களில் நிலாவெளி, பாசிக்குடா கடல் தட்டில் வார்த்த பால் போலக் கிடக்கும். ஒக்டோபர் கடைசியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கி எல்லாம் தலைகீழாகும். வடக்குக்கும் கிழக்குக்கும் மாரி, டிசெம்பர் முதல் மார்ச் வரை தென்மேற்குக் கரைக்கு நல்ல காலம். இடையில் மார்ச்–ஏப்ரலும் ஒக்டோபர்–நவம்பரும் இடிமழைக் காலம், அதற்கு அப்புறம் வருகிறேன்.

இன்னொன்று, இதை இன்று பலமுறை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்: வானத்தைப் பார்த்துக் கடலை எடை போடாதீர்கள். ஜூனில் தென்மேற்குக் கரை ஹிக்கடுவவில் இரண்டு நாள் பளிச்சென்று வெயில் அடிக்கும், கடல் மட்டும் அடங்காது. தூரத்துக் காற்று கிளப்பிய அலை வந்துகொண்டே இருக்கும், அடியில் நீரோட்டம் காலை வாரும். சிவப்புக் கொடி நட்டிருந்தால் முழங்கால் அளவுகூட வேண்டாம்.

சென்னை, ஐடி: ஏப்ரல் 10 முதல் 18 வரை டிக்கெட் போட்டாச்சு. போனில் உள்ள வானிலை செயலி ஒன்பது நாளும் இடி மின்னல் படம் காட்டுகிறது. கேன்சல் செய்யவா?

வேண்டாம். ஏப்ரலில் இங்கே எந்தப் பருவக்காற்றும் வலுவாக இல்லை. காலையில் நல்ல வெயில், தரை சூடாகும், இரண்டு பக்கக் கடற்காற்றும் உள்ளே வந்து மோதும், மத்தியானம் இரண்டு மூன்று மணிக்கு மேகம் கறுக்கும், ஒரு மணிநேரம் கொட்டிவிட்டுப் போய்விடும். செயலிக்கு ஒரு நாளுக்கு ஒரு படம்தான் போடத் தெரியும், அதனால் அந்த ஒரு மணிநேரத்துக்காக முழு நாளுக்கும் மின்னலைப் போட்டுவிடுகிறது. மணிவாரியாகத் திறந்து பாருங்கள், காலை முழுக்க வெயிலாக இருக்கும். சிகிரியா ஏறுவதென்றால் காலை ஏழு மணிக்கே ஏறிவிடுங்கள். ஆனால் மின்னல் விளையாட்டில்லை, இந்தத் தீவில் மின்னல் தாக்கிச் சாகிறவர்கள் கூடுதலாக இருப்பது இந்த மாதங்களில்தான். இடி கேட்டால் கடலிலிருந்தும் வெட்டவெளியிலிருந்தும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

உங்களுக்கு உண்மையான பிரச்சினை மழை இல்லை. ஏப்ரல் 13, 14 புத்தாண்டு. கொழும்பில் பாதிக் கடை பூட்டு, பஸ்ஸில் இடம் கிடையாது, நுவரெலியாவில் கொழும்புக்காரர்கள் எல்லோரும் குவிந்திருப்பார்கள். மலையை 16க்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரை: மாலத்தீவு போக எந்த மாதம் நல்லது?

எனக்கு இந்தத் தீவே பெரிது. மாலைதீவில் வேலை செய்த யாரையாவது பிடியுங்கள்.

டொரன்டோ அக்கா: தம்பி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை டிசெம்பர் கடைசியில்தான். யாழ்ப்பாணம், நெடுந்தீவு, பிறகு பாசிக்குடாவில் மூன்று நாள் என்று நினைத்திருக்கிறோம். சரிவருமா?

அக்கா, யாழ்ப்பாணம் வாருங்கள், பாசிக்குடாவை விட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்தின் வருட மழையில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரைதான் விழுகிறது, ஆனாலும் ஊர் பார்க்கக் குடையோடு சமாளிக்கலாம். டிசெம்பர் கடைசியில் கிழக்குக் கரையில் கடல் குளிப்புக்கு இல்லை, படகு விடமாட்டார்கள், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவும் கிடையாது. அந்த மூன்று நாளைக் காலிப் பக்கம் கொண்டுபோனால் பிள்ளைகள் தண்ணீரில் இறங்கலாம்.

வேளச்சேரி மழை ஆர்வலர்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். வடக்கு, கிழக்கு இரண்டையும் ஒரே கூடையில் போட்டது சரியில்லை. வடகிழக்குப் பருவமழை டிசம்பர் போகப் போகத் தெற்கே இறங்கும். யாழ்ப்பாணத்துக்கு உச்சம் நவம்பர், மட்டக்களப்புக்கு உச்சம் டிசம்பர், ஜனவரியிலும் விடாது. டிசம்பர் 20க்குப் பிறகு யாழ்ப்பாணம் பெரும்பாலும் சென்னை மாதிரிதான், இரண்டு நாள் மழை, நாலு நாள் இதமான வெயில்.

யாழ்ப்பாணம் வாருங்கள் என்றுதானே நானும் சொன்னேன்! உச்சம் பற்றி நீங்கள் சொன்னது சரி. ஆனால் அக்கா கேட்டது நெடுந்தீவு. குறிகட்டுவானில் இருந்து படகில் போக வேண்டும், அங்கே மழைக் கணக்குச் செல்லாது. மழையே இல்லாமல் வாடை இரண்டு நாள் இழுத்து வீசினால் படகை நிறுத்துவார்கள், போனவர்கள் அங்கேயே இருக்க வேண்டியதுதான். 1964 டிசெம்பர் 22ஆம் தேதி இந்த வடக்கைக் கடந்துபோன புயல்தான் அன்றிரவு தனுஷ்கோடியை அழித்தது. 2000ஆம் ஆண்டு டிசெம்பர் 26, திருகோணமலைப் பக்கம் புயல். இரண்டும் 20க்குப் பிறகுதான்.

வேளச்சேரி மழை ஆர்வலர்: முப்பத்தாறு வருட இடைவெளியில் இரண்டு புயல். இதை வைத்துப் பயணத் திட்டம் போடச் சொன்னால் டிசம்பரில் யாரும் சென்னைக்கே வரக்கூடாது. வர்தா புயல் வந்தது டிசம்பர் 12.

சென்னைக்கு யாரும் படகில் போவதில்லையே, ஐயா. இரண்டுதான் என்றும் யார் சொன்னது? டிசெம்பர் 20ஐ எல்லை என்று நீங்கள் வைத்ததால் அந்த இரண்டைச் சொன்னேன். 20க்கு முன்னால் போனால் 1978 நவம்பர் மட்டக்களப்புப் புயல், 2008 நவம்பர் நிஷா, 2020 டிசெம்பர் 2 புரெவி, 2025 நவம்பர் கடைசி டித்வா. டித்வா மலைநாட்டில் செய்த அழிவைப் பார்த்தவர்கள் இதைப் புள்ளிவிவரம் என்று ஒதுக்கமாட்டார்கள். நவம்பர் நடுவில் இருந்து டிசெம்பர் நடுவரை வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாருங்கள், ஆனால் மாற்ற முடியாத முன்பதிவு எதுவும் போடாதீர்கள், மண்சரிவு எச்சரிக்கை வந்தால் மலையில் தங்காதீர்கள்.

மட்டக்களப்பான்: அண்ணை, நீங்கள் திருகோணமலையில் இருந்துகொண்டு மாரியைப் பேய் மாதிரிக் காட்டுகிறீர்கள். எங்கள் ஊர் அழகே மாரியில்தான். வயல் பச்சை, வாவி நிறைய, ஊரே குளிர்ச்சி. ஆகஸ்டில் வருகிறவன் காய்ந்த புல்லையும் கச்சான் புழுதியையும் பார்த்துவிட்டுப் போகிறான்.

அழகில்லை என்று எப்போது சொன்னேன்? பிள்ளைகளை நீந்த வைக்க வருகிற அக்காவுக்கு வயலைக் காட்டி என்ன செய்வது?

மட்டக்களப்பான்: எல்லோரும் நீந்த மட்டுமா வருகிறார்கள்? ஆற்று மீன் பிடிக்கிற காலத்தில் ஒருதரம் வந்து சாப்பிட்டுப் பார்க்கட்டும்.

வேளச்சேரி மழை ஆர்வலர்: அதைத்தான் நானும் சொல்கிறேன். கடற்கரை ஒன்றையே வைத்து மாதத்தைத் தள்ளிவிடுகிறார்.

கடற்கரையை வைத்துத்தான் முக்கால்வாசிப் பேர் தீவுக்கே வருகிறார்கள். உங்கள் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். டிசெம்பர், ஜனவரியில் வடக்கில் வெயிலில்லாமல் நடக்கலாம், மன்னாரில் பூநாரைகள் வந்திருக்கும், கிணறெல்லாம் நிறைந்திருக்கும். பறவை பார்க்க, உறவுகளைப் பார்க்க, சாப்பிட வருகிறவர்கள் மாரியில் தாராளமாக வரலாம்.

டொரன்டோ அக்கா: நான் என்னதான் செய்ய?

மூன்று பேர் சேர்ந்து உங்களை மறந்துவிட்டோம், அக்கா. யாழ்ப்பாணம் நாலு நாள், நெடுந்தீவுக்கு அதில் எந்த நாள் காற்று இல்லையோ அந்த நாள் காலை முதல் படகு, அன்றே திரும்பிவிடுங்கள். பிறகு தெற்கே, காலிப் பக்கத்து உணவட்டுன. போகும் வழியில் அனுராதபுரம். ஒருமுறை பெப்ரவரி கடைசியில் வர முடிந்தால் வாருங்கள், யாழ்ப்பாணத்துக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. மழை விட்டிருக்கும், பச்சை போயிருக்காது, வெயில் இன்னும் ஏறியிருக்காது.

திருச்சி: டிசம்பரில் திருகோணமலை கடற்கரை எப்படி?

மேலே இவ்வளவு சண்டை போட்டோமே!

நாகப்பட்டினம்: எங்கள் ஊரிலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடுகிறார்களே, நவம்பரில் அதில் வரலாமா? விமானத்தைவிட அதுதான் ஆசை.

ஆசை நல்லது, மாதம் சரியில்லை. 2023 ஒக்டோபர் 14 தொடங்கினார்கள், வாடை காலம் வாசலில் நிற்கும்போது. சில நாளிலேயே நிறுத்தினார்கள். அப்புறம் 2024 ஆகஸ்டில்தான் சிவகங்கை கப்பலோடு மறுபடி விட்டார்கள், அந்த வருடமும் மாரியில் நின்றது. இது சின்னக் கப்பல், பாக்குநீரிணை ஆழம் குறைந்த கடல், காற்று வந்தால் குட்டையாக நெருக்கி நெருக்கி அலை அடிக்கும். பெப்ரவரி கடைசி, மார்ச், ஏப்ரலில் வாருங்கள். ஓடுகிறதா என்று கிளம்பும் வாரத்தில் விசாரியுங்கள், திரும்பும் பயணத்துக்கு மட்டும் ஒரு நாள் கையில் வைத்திருங்கள். ஆடி, ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிறவர்களும் இதில் வரலாம், ஆனால் அப்போது சோளகம், அந்தத் தென்மேற்குக் காற்று, வீசும், வயிறு பத்திரம்.

பினாங்கு: யானை, திமிங்கிலம் இரண்டும் பார்க்க வேண்டும். ஒரே பயணத்தில் முடியுமா?

ஆகஸ்டில் வாருங்கள். நீலத் திமிங்கிலம் தெற்கில் மிரிஸ்ஸவில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, அப்புறம் தென்மேற்குக் காற்றில் அங்கே படகு போகாது, எங்கள் திருகோணமலைப் பக்கம் மே தொடங்கி ஆகஸ்ட் வரை. யானைக்கு மின்னேரியா தேசியப் பூங்கா. மழை இல்லாத காலத்தில் குளத்துத் தண்ணீர் இறங்கி, காய்ந்த அடியில் புதுப் புல் முளைக்கும், அதைத் தின்ன ஜூலை முதல் செப்டெம்பர் வரை நூற்றுக்கணக்கில் கூடும். இங்கிருந்து இரண்டு மணிநேர ஓட்டம். யால தேசியப் பூங்கா என்று யாராவது சொன்னால் தேதியைக் கேளுங்கள், செப்டெம்பர் தொடங்கி ஒக்டோபர் நடுவரை வறட்சிக்காக முக்கிய பகுதியை வழக்கமாக மூடிவிடுவார்கள். வெயில் மட்டும் 35ஐத் தாண்டும், தொப்பி மறக்க வேண்டாம்.

சேலம்: சிவனொளிபாதமலை ஜூலையில் ஏறலாமா?

ஏறலாம், ஏறக்கூடாது. யாத்திரைப் பருவம் டிசெம்பர் பௌர்ணமி முதல் மே வெசாக் பௌர்ணமி வரை. அதற்கு வெளியே படியில் விளக்கும் இல்லை, தேநீர்க்கடையும் இல்லை, மழையும் மூடுபனியும் மட்டும்.

ஈரோடு: எந்த மாதம் பெஸ்ட்?

முதல் பதில்.

பெங்களூரு புதுமாப்பிள்ளை: அண்ணா, ஜூன் 12 பெந்தோட்டையில் ஐந்து இரவு, பணம் கட்டியாச்சு, திருப்பித் தரமாட்டார்களாம். ஹனிமூன். இப்போதுதான் மேலே படித்தேன், தலை சுற்றுகிறது.

தலை சுற்ற வேண்டாம், தம்பி. ஐந்து இரவும் அறையில் அடைந்திருக்க வைக்கிற மழை இல்லை அது. கொழும்புக் கரையில் மழை உச்சம் மேயிலும் ஒக்டோபரிலும்தான், ஜூனில் கொஞ்சம் இறங்கியிருக்கும், விட்டு விட்டுத்தான் பெய்யும். பெந்தோட்டையில் ஆறு இருக்கிறது, படகுச் சவாரி அதில் போகலாம், கடலில் வேண்டாம். ஹோட்டல்காரரிடம் பணத்தைக் கேட்காமல் தேதியை மாற்றக் கேளுங்கள், கூட்டமில்லாத காலம் என்பதால் சிலர் இசைவார்கள். இல்லையென்றால் இரண்டு இரவு அங்கே, மூன்றாவது நாள் விடியற்காலை கிளம்பி மத்தியானத்துக்குப் பிறகு நிலாவெளி. மூன்று இரவு வாடகை நஷ்டம்தான், ஆனால் மனைவியோடு கடலில் கால் வைக்கலாம். வாடகை வான் வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், இங்கே நான் வியாபாரம் பேசவில்லை. பெந்தோட்டையில் இருக்கும்வரை அந்தச் சிவப்புக் கொடி… சரி, சொல்லிவிட்டேன்.

வரிசையில் இன்னும் ஏழெட்டுப் பேர் டிசம்பர் என்றே கேட்டிருக்கிறீர்கள். டொரன்டோ அக்காவுக்குச் சொன்னதைப் படியுங்கள். எனக்கு விடிய மூன்று மணிக்குக் கட்டுநாயக்கா விமான நிலைய ஓட்டம்.