ராத்திரி பரோட்டா, விடிகாலை யோகா: சரிப்பட்டு வருமா?

யோகா வகுப்பில் சேர நினைப்பவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் ஆசனத்தைப் பற்றிக் கேட்டவர்கள் கொஞ்சம்தான். சாப்பாடு, உடை, மாத்திரை, கூச்சம், கட்டணம், இவைதான் அதிகம். அதுவும் நியாயம்தான், வாசற்படி தாண்டுவதற்குள் வருகிற சந்தேகங்கள்தானே ஆளை வீட்டிலேயே உட்கார வைக்கின்றன.

டீச்சர், எங்கள் தெருமுனையில் 'மென்மையான ஹட யோகா, தொடக்க நிலை' என்று போர்டு வைத்திருக்கிறார்கள். எனக்கு வயது 47. குனிந்தால் விரல் முட்டியைத் தாண்டாது. போனால் சிரிப்பார்களோ என்று தயக்கமாக இருக்கிறது.
வாசகி, கே.புதூர்

வளையாதவர்களுக்கென்றே வைத்த வகுப்பில் வளையவில்லை என்று யார் சிரிக்கப் போகிறார்கள்? தாராளமாகப் போங்கள். ஹட யோகம் என்றதும் தலைகீழாக நிற்பதும் காலைத் தூக்கிக் கழுத்தில் போடுவதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது, அது போஸ்டர் அடிப்பவர்கள் செய்த வேலை. தொடக்க நிலை வகுப்பில் பெரும்பாலும் நடப்பதைச் சொல்கிறேன். முதலில் ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்தோ படுத்தோ மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். அப்புறம் கழுத்து, தோள், மணிக்கட்டு, கணுக்கால் என்று மூட்டு மூட்டாகத் தளர்த்துவார்கள். பிறகு நின்றபடி, நிமிர்ந்து நேராக நிற்கும் தாடாசனம், பக்கவாட்டில் சாய்வது, காலை அகட்டிப் பக்கவாட்டில் குனியும் திரிகோணாசனம் மாதிரி நான்கைந்து. முட்டியையும் கையையும் ஊன்றி, மூச்சோடு சேர்த்து முதுகை மேலும் கீழும் அசைக்கும் மார்ஜாரி ஆசனம், குப்புறப் படுத்து நெஞ்சைத் தூக்கும் புஜங்காசனம், மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கும் சேதுபந்தாசனம், கடைசியில் அசையாமல் படுத்திருக்கும் சவாசனம். ஒரு மணி நேரம் ஓடியதே தெரியாது.

குனியச் சொல்லும்போது முட்டியை லேசாக மடக்கிக்கொண்டு, முடிந்த இடத்தில் நில்லுங்கள். விரல் தரையைத் தொட்டால் பரிசு ஒன்றும் கிடையாது. சம்மணம் போட முடியவில்லையா, ஒரு போர்வையை நான்காக மடித்து அதன் விளிம்பில் உட்காருங்கள், இடுப்பு உயர்ந்தால் முட்டி தானாகவே கொஞ்சம் இறங்கும். அதுவும் முடியாதவர்கள் நாற்காலி கேட்கலாம். கேட்டால் முகம் சுளிக்கிற இடம் என்றால் அது மென்மையான வகுப்பு இல்லை, போர்டு மட்டும்தான் மென்மை.

முதல் நாள் ஒரு காரியம் மட்டும் கட்டாயம் செய்யுங்கள். கால் மணி நேரம் முன்னதாகப் போய் ஆசிரியரைத் தனியாகப் பிடித்து, உங்கள் உடம்பின் கதையைச் சொல்லிவிடுங்கள். முட்டி வலி, பழைய ஆபரேஷன், சிசேரியன், குடலிறக்கம், தலைசுற்றல், டிஸ்க் பிரச்சினை, எலும்புத் தேய்மானம், எது இருந்தாலும். நம் பெண்கள் மாவு மில்லில் நிற்கிற ஆளிடம் எல்லா வியாதியையும் சொல்வார்கள், சொல்ல வேண்டிய இடத்தில் 'ஒண்ணுமில்ல மேடம், நல்லாத்தான் இருக்கேன்' என்பார்கள். சொன்னால்தான் எந்த ஆசனத்தை உங்களுக்கு மாற்றித் தருவது, எதை விடுவது என்று ஆசிரியருக்குத் தெரியும்.

சிம்மக்கல் பக்கம் கடை வைத்திருக்கிறேன். கடை அடைத்துவிட்டுச் சாப்பிட ராத்திரி பதினொன்று ஆகிவிடும். பரோட்டா, சில நாள் கறி தோசை. யோகா வகுப்பு காலை ஐந்தரைக்கு. வெறும் வயிற்றில் வரச் சொல்கிறார்கள். ஆறு மணி நேரம்தான் ஆகிவிடுகிறதே, போதாதா?
வாசகர், மதுரை

கணக்கு சரி அண்ணே, வயிறு ஒத்துக்கொள்ளாது. பொதுவாக முழுச் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று நான்கு மணி நேரம், இட்லி மாதிரி லேசான டிபனுக்குப் பிறகு இரண்டு மணி நேரம் இடைவெளி இருந்தால் போதும். ஆனால் மைதா, எண்ணெய், சால்னா, கறி எல்லாம் சேர்ந்து உள்ளே போனதும் கையைக் கழுவிக்கொண்டு படுத்தால், செரிமானமும் மந்தம், புளித்த ஏப்பமும் சேர்ந்துகொள்ளும். விடிந்ததும் குப்புறப் படுத்து புஜங்காசனத்தில் நெஞ்சைத் தூக்கும்போது வயிறு அழுந்தும், நேற்றைய சால்னா தொண்டை வரைக்கும் வந்து நலம் விசாரிக்கும்.

அதைவிட எனக்குத் தூக்கம்தான் பெரிய கவலை. பதினொன்றுக்குச் சாப்பிட்டு பன்னிரண்டுக்குப் படுத்து நாலே முக்காலுக்கு எழுந்து யோகா செய்வதில் என்ன லாபம்? தூங்கா நகரம் என்ற பேரை நீங்கள் ஒருவரே காப்பாற்ற வேண்டாம். காலை ஏழு மணி பேட்ச் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வகுப்புக்கு முந்தின நாளாவது எட்டு, எட்டரைக்குக் கடையிலேயே இட்லியோ இடியாப்பமோ வாங்கிச் சாப்பிட்டு முடித்துவிடுங்கள். பரோட்டாவை விடச் சொல்லவில்லை, வகுப்பு இல்லாத நாளுக்கு அதை மாற்றிக்கொள்ளலாம்.

காலையில் எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், நம் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் அது அவசியம். அரை தம்ளர் காபி குடித்தால் யோகம் கெட்டுவிடாது. முடிந்ததும் உடனே டிபனில் பாயாமல் அரை மணி நேரம் விடுங்கள்.

எனக்கு 62 வயது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வெறும் வயிறு என்றால் மாத்திரையை என்ன செய்வது?
வாசகர், திருமங்கலம்

ஐயா, வெறும் வயிறு என்கிற விதி உங்களுக்கு அப்படியே பொருந்தாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், கிளிமிபிரைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் ஒன்றும் சாப்பிடாமல் உடம்பை அசைத்தால் சர்க்கரை சட்டென்று இறங்கிவிட வாய்ப்பு உண்டு. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு அந்தப் பயம் மிகக் குறைவு. உங்களுடையது எந்த ரகம் என்று மாத்திரை அட்டையோடு டாக்டரிடம் போய், இத்தனை மணிக்கு வகுப்பு, எதை எப்போது சாப்பிட வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நீங்களாக ஒரு வேளையை விடுவதும் நேரத்தை மாற்றுவதும் வேண்டாம். வகுப்புக்கு முன்னால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிடச் சொன்னால் சாப்பிடுங்கள், அதற்காக எந்த ஆசிரியரும் உங்களை வெளியே அனுப்பக்கூடாது. சட்டைப்பையில் குளுக்கோஸோ நாலு மிட்டாயோ இருக்கட்டும். திடீரென்று வியர்த்து, கை நடுங்கி, படபடப்பாக வந்தால் ஆசனத்தை அங்கேயே விட்டுவிட்டு வாயில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லிவிடுங்கள்.

பிரஷருக்கு வேறு எச்சரிக்கை. மூச்சை அடக்கி வைக்கிற பயிற்சி, கபாலபாதி மாதிரி வேகமாக மூச்சை வெளியே தள்ளுவது, தலை இருதயத்துக்குக் கீழே தொங்குகிற நிலைகள், இவை உங்களுக்கு வேண்டாம். படுத்த நிலையிலிருந்து எழும்போது வலது பக்கம் திரும்பி, கையை ஊன்றி, உட்கார்ந்து இரண்டு மூச்சு விட்டுவிட்டு எழுந்திருங்கள். பிரஷர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு விருட்டென்று எழுந்தால் கண் இருட்டும். கண்ணில் குளுக்கோமா இருப்பவர்களும் தலைகீழ் நிலைகளைத் தவிர்க்க வேண்டும், கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். இதைச் சொல்ல வேண்டும் என்றே பலருக்குத் தோன்றுவதில்லை, கண்ணுக்கும் யோகாவுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

யோகா ஆரம்பித்தாயிற்று, இனி மாத்திரையை நிறுத்திவிடுங்கள் என்று எந்த ஆசிரியராவது சொன்னால், மாத்திரையைத் தொடருங்கள், ஆசிரியரை நிறுத்துங்கள்.

புடவையில் செய்யலாமா? மேட் வாங்கியே ஆக வேண்டுமா?
வாசகி, உசிலம்பட்டி

புடவையில் காலை அகட்டி நிற்க முடியாது, கொசுவம் காலில் மாட்டும். நைட்டியும் வேண்டாம், மல்லாந்து காலைத் தூக்கும்போது ஆசனத்தை விட்டுவிட்டு நைட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருப்பீர்கள். பழைய சுடிதார் போதும், துப்பட்டாவை ஓரமாக வையுங்கள். ஆண்கள் வேட்டியை விட்டு டிராக் பேன்ட் போடலாம். மல்லிகைப்பூவைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தால் படுக்கும்போது நசுங்கும், அவ்வளவுதான் நஷ்டம்.

மேட்டை முதல் நாளே வாங்காதீர்கள், பல இடங்களில் அவர்களே தருவார்கள். வாங்கினால் நான்கிலிருந்து ஆறு மில்லிமீட்டர் கனம் சரியாக இருக்கும். அதைவிடப் பொசுபொசுவென்று இருந்தால் நிற்கும்போது பாதம் தள்ளாடும். வீட்டு ஜமுக்காளம் டைல்ஸ் தரையில் வழுக்கும், ஜாக்கிரதை. ஒரு துண்டு எடுத்துப் போங்கள், வியர்வைக்கும் ஆயிற்று, முட்டிக்கு அடியில் மடித்து வைக்கவும் ஆயிற்று.

அக்கா, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் வேலை செய்கிறேன். வருஷக்கணக்காகக் குனிந்தே உட்கார்ந்து கழுத்தும் நடுமுதுகும் வலிக்கிறது. யோகாவுக்குப் போனால் சரியாகுமா?
வாசகி, மதுரை

துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூல் சுற்றுகிற வேலை, கண்ணும் விரலும் தாழ்ந்தே இருக்கும். தலையின் பாரத்தை நாள் முழுக்கக் கழுத்தின் பின்பக்கத் தசைதான் இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன்பக்கம் நெஞ்சு சுருங்கிக்கொள்கிறது, தோள் முன்னால் வந்துவிடுகிறது. அதனால் வலிக்கிற இடம் பின்னால் இருந்தாலும் திறக்க வேண்டிய இடம் முன்னால் இருக்கிறது. மார்ஜாரி, தோள்களைப் பின்னோக்கிச் சுழற்றுவது, முழங்கையை ஊன்றிச் செய்கிற சின்ன புஜங்காசனம், சேதுபந்தாசனம், இவை உங்களுக்கு இதமாக இருக்கும். தலையில் நிற்கும் சிரசாசனம், தோளில் நிற்கும் சர்வாங்காசனம், மல்லாந்து காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம் மூன்றையும் தொடாதீர்கள், கழுத்தில் பாரம் ஏறும். தலையை முழு வட்டமாக வேகமாகச் சுழற்றச் சொன்னாலும் செய்யாமல், இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு, தாடை நெஞ்சுக்கு, என்று பாதி வட்டத்தோடு நிறுத்துங்கள்.

ஆனால் முதலில் ஒரு விஷயம். வலி தோளைத் தாண்டிக் கையில் இறங்குகிறதா, விரல் மரத்துப்போகிறதா, நூலைப் பிடிக்கிற பிடி தளர்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் வகுப்பு அப்புறம், டாக்டர் முதலில்.

சரியாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது கீழ்முதுகு வலியைப் பற்றியது, உங்கள் கழுத்துக்கும் நடுமுதுகுக்கும் அதை அப்படியே பொருத்திவிட முடியாது. நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு மாத்திரைக்குப் போவதற்கு முன் முயன்று பார்க்க வேண்டியவற்றில் ஒன்றாக அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்கிற மருத்துவர் சங்கம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் யோகாவையும் சேர்த்திருக்கிறார்கள். அதே வருடம் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது சிறிய அளவு முதல் நடுத்தர அளவு வரையான முன்னேற்றம்தான், அற்புதம் இல்லை. அதுவும் மாதக்கணக்கில் விடாமல் செய்தவர்களுக்கு. நீங்கள் வாரம் இரண்டு மணி நேரம் யோகா செய்துவிட்டு மற்ற நேரமெல்லாம் அதே குனிவில் உட்கார்ந்தால் எந்த ஆசனமும் ஈடுகொடுக்காது. மடியில் ஒரு தலையணையை வைத்துத் துணியை உயர்த்திக்கொள்ளுங்கள், முதுகுக்குச் சுவர் கிடைக்கிற இடத்தில் உட்காருங்கள், அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கைகளைப் பின்னால் கோத்து நெஞ்சை விரியுங்கள். கூலி முடிச்சுக் கணக்கில் என்றால் எழுந்திருக்க மனசு வராது, தெரியும். ஒரு நிமிடம்தான், எழுந்திருங்கள்.

நாங்கள் கிறிஸ்தவர்கள். வகுப்பில் ஓம் சொல்லச் சொன்னால்?
வாசகி, மேலூர்

விருப்பம் இல்லையென்றால் சும்மா கண்ணை மூடி மூச்சைக் கவனியுங்கள். சூரிய நமஸ்காரத்தையும் உடற்பயிற்சியாக மட்டும் சொல்லித்தருகிற இடங்கள் இருக்கின்றன. சேரும் முன் கேட்டுவிட்டால் பிறகு சங்கடம் இல்லை.

ஆசிரியர் வந்து முதுகை அழுத்திக் குனிய வைக்கிறார். வலித்தால்தான் பலன் என்கிறார். உண்மையா?
வாசகி, அண்ணா நகர்

இல்லை. தசை நீளும்போது ஒரு இழுப்பு தெரியும், அது சரி. அந்த இழுப்போடு மூச்சு சீராகப் போய்க்கொண்டிருக்கும். மூட்டுக்குள் குத்தினால், சுரீர் என்றால், மரத்துப்போனால், மூச்சைப் பல்லைக் கடித்துக்கொண்டு பிடிக்க வேண்டியிருந்தால், அது நிறுத்தச் சொல்கிற அறிகுறி. மறுநாள் தொடை, விலாப்பக்கம் லேசாக வலிப்பது சகஜம், இரண்டு நாளில் போய்விடும். மூட்டு வீங்கினாலோ வலி நாளுக்கு நாள் கூடினாலோ சகஜம் இல்லை.

தொடுவதைப் பற்றி: கேட்காமல் தொடக்கூடாது. 'சார், வாயால சொன்னாப் போதும், நானே செஞ்சுக்கிறேன்' என்று முதல் தடவையே சொல்லிவிடுங்கள். சொன்ன பிறகும் கை வந்தால் அந்த வகுப்புக்கு மறுநாள் போகாதீர்கள். குரு மரியாதை என்று இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

ஒரு மாதத்தில் எத்தனை கிலோ குறையும்?
வாசகர், வாடிப்பட்டி

மென்மையான ஹட யோகாவில் செலவாகும் சக்தி மெதுவாக நடப்பதற்குச் சமம்தான். எடை குறைய வேண்டுமென்றால் சோற்றின் அளவையும் பாருங்கள், வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமோ உங்கள் ஊர் வயல் வரப்பிலோ வேகமாக நடக்கவும் செய்யுங்கள். யோகா அதோடு சேர்ந்து வரட்டும்.

சிரிக்காதீர்கள் மேடம். காலை மடக்கிச் செய்யும் ஆசனத்தில் வாயு பிரிந்துவிட்டால்? சவாசனத்தில் குறட்டை விட்டால்?
பெயர் வேண்டாம், திருப்பரங்குன்றம்

அந்த ஆசனத்தின் பேரே பவனமுக்தாசனம், வாயுவை வெளியேற்றத்தான் செய்கிறோம். வாரத்துக்கு ஒருவருக்காவது நடக்கும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குறட்டைக்குப் பக்கத்து மேட்காரரிடம் சொல்லி வையுங்கள், லேசாகத் தோளைத் தட்டினால் போதும்.

மூன்று மாதக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்கிறார்கள். கட்டலாமா?
வாசகி, எல்லீஸ் நகர்

முதலில் ஒரு வகுப்புக்கு மட்டும் பணம் கட்டிப் போய்ப் பாருங்கள், பல இடங்களில் அதை இலவசமாகவே தருகிறார்கள். ஆசிரியர் உங்கள் உடம்பைப் பற்றி ஏதாவது கேட்டாரா, முடியாதவர்களுக்கு மாற்று வழி காட்டினாரா, முன்னால் நின்று தானே செய்து காட்டிக்கொண்டிருக்காமல் நடந்து வந்து உங்களைப் பார்த்தாரா, கவனியுங்கள். முப்பது நாற்பது பேரை ஒரே ஹாலில் அடைத்து மைக்கில் சொல்லித்தருகிற இடம் புதியவர்களுக்கு ஆகாது. பிடித்திருந்தால் ஒரு மாதத்துக்குக் கட்டுங்கள். தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மூன்று மாதம் கட்டுவதானால், நடுவில் ஊருக்குப் போனாலோ உடம்புக்கு முடியாமல் போனாலோ நாட்களைத் தள்ளித் தருவார்களா என்று கேட்டு, அதை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.