வாசகர் கேள்வி-பதில்: மூன்று-நான்கா, நான்கு-மூன்றா?

கேள்வி: பிப்ரவரியில் திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து அமெரிக்கக் கால்பந்தின் இறுதியாட்டமான சூப்பர் பவுல் பார்க்கிறவன் நான். ‘இது 3-4 அணி’ என்கிறார் வர்ணனையாளர். எண்ணினால் கோட்டில் நாலு பேர், சில சமயம் ஐந்து பேர். யார் கணக்கு தப்பு?
– வாசகர், மன்னார்குடி

பதில்: இரண்டும் சரிதான். முதல் எண், கையைத் தரையில் ஊன்றிக் குனிந்து நிற்கும் லைன்மேன்கள். இரண்டாவது, நிமிர்ந்து நிற்கும் லைன்பேக்கர்கள். 4-3 அமைப்பை 1950களில் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் டாம் லாண்ட்ரி செதுக்கினார். 3-4 அமைப்பு 1974-ல் நியூ இங்கிலாந்து, ஹூஸ்டன் அணிகள் வழியாகத் தொழில்முறை ஆட்டத்தில் வேர் பிடித்தது. அந்த நாளில் இந்த எண்களுக்கு மதிப்பு இருந்தது.

இன்று பாதிக்கு மேற்பட்ட முயற்சிகளில் (பந்து ஒருமுறை அசைந்து நிற்கும்வரை ஒரு முயற்சி), பாஸை, அதாவது எறியும் பந்தை, தடுக்க ஐந்தாவதாக ஒரு பின்வரிசைக்காரரை இறக்கிவிடுகிறார்கள். அப்புறம் முன்னால் மிஞ்சுவது ஏழு பேர் அல்ல, ஆறு பேர். 3-4 அணி 2-4-5 ஆகும். ஓரத்து லைன்பேக்கர்கள் இருவர் கோட்டுக்கே வந்து நிற்பதால் உங்கள் கணக்கில் நாலு; 3-4 ஆகவே நின்றால் ஐந்து. 4-3 அணி 4-2-5 ஆகும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நிற்கும் இடம் அநேகமாக ஒன்றே. ஓரத்து ஆட்கள் கையை ஊன்றியிருக்கிறார்களா, நிமிர்ந்திருக்கிறார்களா என்பதுதான் வித்தியாசம். ‘3-4 அணி’ என்பது ரேஷன் அட்டையில் இருக்கும் விலாசம் மாதிரி. ஆள் குடியிருப்பது வேறு தெருவாக இருக்கலாம்.

கேள்வி: ஹைப்ரிட் என்றால் எங்களுக்கு நெல்தான் தெரியும். தடுப்பு வரிசையில் எதையும் எதையும் ஒட்டுகிறார்கள்?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: இரண்டு வேலை முறைகளை. தாக்கும் அணியின் வரிசையில் நடுவில் சென்டர், இருபுறமும் கார்டுகள், அவர்களுக்கு வெளியே டேக்கிள்கள், ஒரு பக்கம் டைட் எண்ட். சென்டருக்கும் கார்டுக்கும் நடுவே உள்ள சந்து ஏ. கார்டு-டேக்கிள் சந்து பி. டேக்கிளை அடுத்தது சி. டைட் எண்டுக்கு வெளியே டி. டைட் எண்ட் இருக்கும் பக்கம் நான்கு, மறுபக்கம் மூன்று, ஆக ஏழு சந்துகள். வரப்பில் ஏழு மடை இருந்து, எதில் தண்ணீர் பாயும் என்று தெரியாவிட்டால் என்ன செய்வீர்கள்? மடைக்கு ஒரு ஆளை மண்வெட்டியோடு நிறுத்துவீர்கள். அதுதான் ஒற்றைச் சந்து முறை. பந்து அசைந்ததும் எதிராளியின் ஒரு தோளைத் தாண்டிப் பாய வேண்டும். வேகம் உண்டு. ஆனால் ஒருவர் தவறினாலும் அந்த மடை உடைப்பு எடுத்துவிடும்.

இரட்டைச் சந்து முறையில் ஆள் பாய்வதில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் எதிராளியின் நெஞ்சுக் கவசத்தில் பதித்து, முழங்கையை நீட்டி, அவரைக் கை தூரத்தில் நிறுத்திக்கொண்டு பந்தைப் பார்க்கிறார். பந்து எந்தப் பக்கம் வருகிறதோ, அந்தப் பக்கம் அவரை உதறிவிட்டுப் போகிறார். இதற்கு உடம்பு வேண்டும். நியூ இங்கிலாந்தின் வின்ஸ் வில்ஃபோர்க் சுமார் 147 கிலோ. முழங்கை மடங்கினால் வேலை முடிந்தது. எதிராளி ஒட்டிக்கொள்வார், இரண்டு சந்தும் போகும்.

கலப்பு முன்வரிசை என்றால் ஒரே வரிசையில் சிலர் அப்படி, சிலர் இப்படி. 2013 சியாட்டில் அணி நல்ல உதாரணம். டைட் எண்ட் பக்கம், டேக்கிளின் எதிரே ரெட் பிரையன்ட்: பி, சி இரண்டும் அவர் பொறுப்பு. சென்டர் தோளில் பிராண்டன் மெபேன், அந்தப் பக்கத்து ஏ. மறுபக்கம் கார்டின் வெளித்தோளில் ஒருவர், பி. அதற்கும் வெளியே ‘லியோ’ என்ற ஓட்டக்காரர், சி. டைட் எண்டுக்கு வெளியே ஒரு லைன்பேக்கர், டி. மிச்சமுள்ள ஏ சந்துக்கு இன்னொரு லைன்பேக்கர். கூட்டிப் பாருங்கள்: ஆறு பேரில் ஏழு மடையும் அடைபட்டது, முன்னால் நிற்கும் ஏழு பேரில் ஒருவர் மிச்சம். அந்த ஒருவர் மிஞ்சினால் கடைசித் தடுப்பாளரான சேஃப்டி நிம்மதியாக ஆழத்திலேயே நிற்கலாம். அந்தப் பருவத்தில் 606 புள்ளி குவித்துச் சாதனை படைத்த டென்வர், 2014 பிப்ரவரி 2 இறுதியாட்டத்தில் சியாட்டிலிடம் 43-8 என்று தோற்றது. முன்வரிசை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டோம், பின்வரிசையும் அத்தனை வலுவாக இருந்தது.

கேள்வி: ‘3-டெக்னிக்’, ‘5-டெக்னிக்’ என்கிறார்களே, அது என்ன வித்தை?
– வாசகர், சீர்காழி

பதில்: வித்தை இல்லை, நிற்கும் இடம். சென்டருக்கு நேரே 0, தோளில் 1. கார்டுக்கு நேரே 2, வெளித்தோளில் 3. டேக்கிளுக்கு நேரே 4, வெளித்தோளில் 5. டைட் எண்டின் வெளித்தோள் 9. எண்ணுக்குப் பின்னால் ‘ஐ’ வந்தால் உள்தோள். மேலே சொன்ன மெபேன் 1, ‘கார்டின் வெளித்தோளில் ஒருவர்’ 3.

கேள்வி: கல்லூரியில் கபடி ஆடுகிறேன், இடது கார்னர். இந்தக் கலப்பு வரிசையை உடைக்க வழியே இல்லையா?
– மாணவி, கும்பகோணம்

பதில்: நிறைய உண்டு. பந்து அசைவதற்குச் சற்று முன் டைட் எண்ட் மறுபக்கம் நடந்து போய் நின்றால், நாலு சந்துப் பக்கம் மூன்றாகிவிடும், மூன்று நாலாகிவிடும். கனமான ஆள், சந்து குறைந்த பக்கத்தில் மாட்டிக்கொள்வார். லைன்பேக்கர் உடனே கத்தி வேலையைப் பங்கு போடாவிட்டால் ஒரு சந்து அனாதை.

இரண்டாவது, வேகம். தாக்கும் அணி ஆள் மாற்றாமல் அடுத்தடுத்து ஆடினால், தடுக்கும் அணிக்கு ஆள் மாற்ற நேரம் கிடைக்காது. தாக்குபவர்கள் மாற்றினால்தான் நடுவர் இவர்களுக்கும் அவகாசம் தருவார். 145 கிலோக்காரர் ஆறாவது முயற்சியில் மூச்சு வாங்குவார்.

மூன்றாவது, உங்களுக்கே தெரிந்த தப்பு. கவர் நெருங்கி வருமுன் கார்னர் கணுக்காலுக்குப் பாய்ந்து தவறவிட்டால் ரெய்டர் அந்த வழியாகவே கோட்டைத் தொடுவார் அல்லவா? ஓரத்து ஆளும், பந்தை எறியும் குவாட்டர்பேக்கைவிட ஆழமாக ஓடிவிட்டால், அவர் விட்டுப்போன சி சந்துதான் ராஜபாட்டை.

கேள்வி: வரிசையை மறைத்து வைப்பதும் பிளிட்ஸும் ஒன்றா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: இல்லை. மறைப்பது என்றால் யார் பாய்வார் என்று கடைசிவரை காட்டாமல் நிற்பது. ஐந்து பேரோ அதற்கு மேலோ பாய்ந்தால்தான் பிளிட்ஸ். 2025 பிப்ரவரி இறுதியாட்டத்தில் விக் ஃபாஞ்சியோ வழிநடத்திய ஃபிலடெல்பியா தடுப்பு அணி ஒருமுறைகூட பிளிட்ஸ் செய்யாமல் கன்சாஸ் சிட்டி குவாட்டர்பேக் மஹோம்ஸை ஆறு தடவை வீழ்த்தியது.

கேள்வி: டிவியில் இதையெல்லாம் கண்ணால் பிடிக்க முடியுமா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: முடியும், பந்தைப் பார்க்காதிருந்தால். பந்து அசைவதற்கு முன் முதலில் சென்டரின் எதிரே ஆள் இருக்கிறாரா, நேராகவா தோளிலா என்று பாருங்கள். பிறகு இரண்டு கார்டுகள்: எவர் முன் ஆளில்லையோ, அவர் சுதந்திரமாக மேலேறி லைன்பேக்கரைத் தாக்குவார். 2019 இறுதியாட்டத்தில் நியூ இங்கிலாந்து பல தடவை கோட்டிலேயே ஆறு பேரை நிறுத்தி இந்த வழியை அடைத்தது. ஆட்டத்துக்குச் சராசரி 32.9 புள்ளி எடுத்த எதிரணி ராம்ஸ் அன்று எடுத்தது மூன்று. பந்து அசைந்ததும் லைன்மேனின் முதல் காலடி: முன்னால் சாய்வாக வெட்டினால் ஒற்றைச் சந்து, நேராக மோதி நின்றால் இரட்டை. பக்கவாட்டு கேமராவில் இது கலங்கலாகத் தெரியும். குவாட்டர்பேக்கின் முதுகுப்புறத்திலிருந்து மறுஒளிபரப்பு காட்டும்போது எழுந்து காபி போடப் போய்விடாதீர்கள்.