கொர்த்தேஸ் கடலும் கரையேறும் நடையும் – கடிதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

மெக்சிகோவின் கொர்த்தேஸ் கடல் (கலிபோர்னியா வளைகுடா) பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தபின், லா பாஸிலிருந்து லொரேத்தோ வரை பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்துப் பத்து நாள் போவதென்று நானும் என் கணவரும் முடிவு செய்திருக்கிறோம். படகு ஓட்டிப் பழகிய நண்பர் ஒருவரும் வருகிறார். நீங்கள் தீவுதோறும் இறங்கி மலையேறச் சொல்கிறீர்கள். நண்பரோ, "படகுக்குப் பணம் கொடுத்துவிட்டு முள்ளுக்காட்டில் நடப்பானேன்? நங்கூரமிட்ட படகை ஆளில்லாமல் விடுவதும் ஆபத்து" என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது? போவது பிப்ரவரியிலா, ஏப்ரலிலா?

அன்புடன்,
க., சான் டியாகோ

அன்புள்ள க.,

நண்பர் சொன்ன இரண்டில் பின்னது சரி, முன்னது சரியில்லை.

லா பாஸிலிருந்து லொரேத்தோ சுமார் 120 கடல் மைல். மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் படகுக்கு அது ஒரு பகலும் ஓர் இரவும்தான். உங்களுக்கோ பத்து நாள் இருக்கிறது. தீவுகளைச் சுற்றி வளைத்துப் போனாலும் பெரும்பொழுது நங்கூரத்தில்தான் கழியும். அந்தப் பொழுதில் கரையேறுவதால் பயணத்தில் எதுவும் குறைந்துவிடாது.

பொழுதைக் கழிக்க வேண்டுமே என்பதற்காக மலையேறச் சொல்லவில்லை. அந்தக் கடலில் காற்று எப்படி அடிக்கும் என்பதை மலைகள்தான் தீர்மானிக்கின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை, அமெரிக்காவின் மேற்கு உள்நாட்டு மேட்டுநிலத்தில் உயர் அழுத்தம் நிலைகொள்ளும்போதெல்லாம் வாடைக்காற்று வளைகுடாவின் நீளத்துக்கும் இறங்கி வரும். இருபுறமும் மலை, விலகிப் போக வழியில்லை. இரண்டு மூன்று நாள் விடாமல் அடிக்கும். அலைகள் மிக உயரமில்லை; ஆனால் ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கி வந்து படகைக் குத்தும். வசந்தத்தின் இறுதியிலிருந்து கோடை முழுவதும் லா பாஸ் பக்கம் இதற்கு நேர்மாறு. இருட்டியபின் பசிபிக்கின் குளிர்ந்த காற்று பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தைத் தாண்டி, தெற்கிலும் தென்மேற்கிலுமிருந்து வீசும். அதைக் கொரொமுவேல் என்கிறார்கள். வடக்கே சியர்ரா தெ லா ஹிகாந்தா மலைத்தொடர் உயர்ந்து மறித்து நிற்கிறது. லா பாஸ் அருகே நிலம் தாழ்ந்திருக்கிறது. காற்று அந்தத் தாழ்வான இடத்தின் வழியாகத்தான் புகுந்து வருகிறது.

இதை வரைபடத்தில் எத்தனை முறை பார்த்தாலும் மனதில் நிற்காது. இஸ்லா சான் பிரான்சிஸ்கோவின் முகட்டில் ஒருமுறை நின்றால் மறக்காது. அந்தத் தீவின் தென்மேற்கில் கொக்கியாக வளைந்த ஒரு குடா இருக்கிறது. கரையிலிருந்து பாதை சரளைக்கல்லில் செங்குத்தாக ஏறி, குறுகலான முகட்டில் சேர்கிறது. வாடை அடிக்கும் நாளில் அங்கே போய்ப் பாருங்கள். கிழக்கே கடல் முழுவதும் வெண்நுரை. மேற்கே திரும்பினால் உங்கள் படகு பச்சைத் தண்ணீரில் அசையாமல் நிற்கும்; அதன் நிழல் அடிமணலில் தெரியும். குடா எந்தக் காற்றுக்கு அடைக்கலம் தரும், எந்தக் காற்றுக்குத் திறந்து கிடக்கிறது என்பது கண்ணெதிரே விளங்கிவிடும். அதே குடா கொரொமுவேல் இரவில் உங்களைத் தூங்கவிடாது. வடக்கே சான் ஹோசே தீவு, எதிர்க்கரையில் சான் எவரிஸ்தோ மீனவர் கிராமம் என அடுத்து ஒதுங்க வேண்டிய இடங்களும் அங்கிருந்தே தெரியும். நண்பரையும் கட்டாயம் ஏற்றிவிடுங்கள். படகு ஓட்டுகிறவர்தான் அதை முதலில் பார்க்க வேண்டும்.

படகை ஆளில்லாமல் விடுவது பற்றி அவர் சொல்வதை அப்படியே கேளுங்கள். மணலில் நங்கூரம் போட்டு, ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு சங்கிலி விட்டு, இன்ஜினைப் பின்னோக்கி ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு ஒருவர் முக்குளித்து, நங்கூரம் புதைந்திருப்பதைக் கண்ணால் காண வேண்டும். காற்று மாறும் அறிகுறி இருந்தால், படகைக் கையாளத் தெரிந்த ஒருவர் ரேடியோவுடன் படகிலேயே இருக்கட்டும். மற்றவர்கள் போய் வரலாம். நாள் முழுக்க நடக்க ஆசைப்பட்டால் அதைப் புவேர்த்தோ எஸ்கொந்திதோவுக்கு ஒதுக்குங்கள். நாற்புறமும் நிலம் சூழ்ந்த துறைமுகம் அது. படகை மிதவையில் கட்டிவிட்டு, எதிரே ஹிகாந்தா மலையின் பள்ளத்தாக்கில் பாறைகளைத் தொற்றி ஏறலாம்.

முள்ளுக்காடு என்கிறாரே, அதுதான் எனக்கு வருத்தம். அங்கே கார்தோன் கள்ளி 15 மீட்டரைத் தாண்டியும் வளரும். உலகில் வேறெங்கும் இல்லாத கறுப்பு முயல் எஸ்பிரித்து சாந்தோ தீவின் இளஞ்சிவப்புப் பாறைகளுக்கிடையே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். கறுப்பு ஏன் என்பதற்கு உறுதியான விடை இன்னும் இல்லை. லொரேத்தோவுக்கு எதிரே உள்ள கொரொனாதோஸ் தீவு ஓர் எரிமலை. உயரம் 300 மீட்டருக்கும் குறைவு. ஆனால் கடைசிப் பகுதி முழுக்க உருளும் எரிமலைக் கற்கள். சாதாரணச் செருப்போடு ஏறாதீர்கள்.

முள்ளும் உண்டுதான். சோய்யா கள்ளியின் துண்டு காலில் ஒட்டினால் கையால் பிடுங்கக் கூடாது. சீப்பை இடையில் விட்டு நெம்பி எறிய வேண்டும். ரப்பர் படகிலிருந்து இறங்கும்போது மணலில் காலைத் தேய்த்து நடந்தால் திருக்கைகள் விலகிப் போகும். நல்ல தண்ணீர் தீவுகளில் கிடைக்காது. தேனீக்களுக்கும் அதே தவிப்பு. படகின் தளத்தில் ஈரத்துணி காய்ந்தால் கூட்டமாக வந்து மொய்க்கும். அடித்து விரட்டாதீர்கள், துணியை உள்ளே எடுத்துவிடுங்கள். இந்தத் தீவுகளை யுனெஸ்கோ 2005இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இறங்க அனுமதி உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தீவிலும் இறங்குமுன் காலுறையில் ஒட்டிய விதைகளைத் தட்டிவிடுங்கள். வெளிவிதை ஒன்று முளைத்தால்கூட அந்தச் சிறிய தீவு தாங்காது.

மாதம் என்று கேட்டால், ஏப்ரல். வாடை தணிந்திருக்கும், கொரொமுவேல் முழுவேகம் பிடித்திருக்காது, மலையில் காலை வெயில் பொறுக்கும்படி இருக்கும். விடுப்பு பிப்ரவரியில்தான் கிடைக்கும் என்றாலும் போங்கள். காற்று உங்களை ஒரே குடாவில் மூன்று நாள் நிறுத்தினால், அந்த மூன்று நாளும் நடக்கலாம். ஆனால் திரும்பும் விமான டிக்கெட்டைப் பத்தாம் நாளுக்குப் போடாதீர்கள். இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள். விமானத்தைப் பிடிக்க வேண்டுமே என்று வாடையில் நங்கூரம் தூக்கும் நிலை உங்களுக்கு வரக் கூடாது.

அன்புடன்.