அம்மா போடாத கையெழுத்து

கேள்வி: எனக்கு 24 வயது. டோர்ட்முண்டில் பெற்றோருடன் வசிக்கிறேன். ஜூலை இறுதியில் வட ஜேர்மனியில் நடக்கும் வாக்கன் மெட்டல் இசைத் திருவிழாவுக்கு முதல் தடவையாகப் போகிறேன். 16 வயதுத் தம்பியும் வருகிறான். கூடாரம், கறுப்பு ரீசேட்டுகள், புதுச் சப்பாத்துகள் எல்லாம் வாங்கிவிட்டோம். நான்கு நாள் வெய்யிலில் நிற்பதற்கு வேறு என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்? தம்பிக்கு 18 வயது ஆகாததால் பெற்றோர் ஒப்பமிட்ட தாள் ஒன்றும் வேண்டும். அம்மாவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது என்பதால் அதை நானே நிரப்பி, அம்மாவின் கையெழுத்தையும் போட்டுவிட்டேன். அது பிரச்சினையில்லை; வெய்யிலைப் பற்றித்தான் யோசனையாக இருக்கிறது.
– வாசகி, டோர்ட்முண்ட்

பதில்: மகளே, "அது பிரச்சினையில்லை" என்று நீ அரை வரியில் தாண்டிப்போன இடத்திலேயே நான் நின்றுவிட்டேன். உன் கடிதத்தில் கூடாரத்துக்கு இடமிருக்கிறது, சப்பாத்துக்கு இடமிருக்கிறது; வீட்டின் கடைக்குட்டி 400 கிலோமீற்றருக்கு அப்பால் ஒரு வயல்வெளியில் இரவுகளைக் கழிக்கப்போகிறான் என்பது அம்மாவுக்குத் தெரியுமா என்பதற்கு மட்டும் ஒரு சொல்கூட இல்லை.

நீ கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் என்னவென்று உனக்கு விளங்கியிருக்கிறதா? ஜேர்மன் பிள்ளைகள் அதைப் பேச்சுவழக்கில் 'முட்டிட்செட்டல்' என்பார்கள். அம்மாச் சீட்டு என்று பொருள். இளையோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 18 வயது நிறையாத தம் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைப் பெற்றோர் தாம் நம்பும் பெரியவர் ஒருவரிடம் ஒப்படைக்கும் தாள் அது. "என் மகனை இவளிடம் தருகிறேன்" என்று ஒரு தாய் சொல்ல வேண்டிய வாக்கியத்தை நீயே எழுதி, நீயே ஒப்பமிட்டு, நீயே பெற்றுக்கொண்டிருக்கிறாய். பொய்க் கையெழுத்து இந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் 267ஆம் பிரிவின் கீழ் தண்டனைக்குரிய குற்றம் என்பதையும் அறிந்துகொள். ஆனால் எனக்குக் கோபம் வந்தது சட்டத்தை நினைத்தல்ல.

அம்மாவுக்கு ஜேர்மன் வாசிக்கத் தெரியாது என்கிறாய். இதே வரியை எத்தனையோ பிள்ளைகளின் கடிதங்களில் வாசித்துவிட்டேன். பத்து வயதில் பள்ளிக்கூடக் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டத் தொடங்கிய பிள்ளை, பதினைந்து வயதில் சுருக்கிச் சொல்லத் தொடங்குகிறது, இருபது வயதில் அம்மாவிடம் கேட்காமலே எல்லாவற்றையும் முடித்துவிடுகிறது. அந்தத் தாய் வேலைத்தளத்தில் நாள் முழுவதும் நின்று உழைத்துவிட்டு வந்து, வீட்டில் நடப்பது எதுவுமே தன்னைக் கேட்டு நடப்பதில்லை என்பதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொள்கிறாள். வாசிக்கத் தெரியாத தாய்க்கு வாசித்துக் காட்டுவது பிள்ளையின் கடமை. அவளுடைய பெயரை அவளுக்குத் தெரியாமல் எழுதுவது களவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்துக் கிடையாது.

நீ கேட்ட வெய்யிலுக்கே வருகிறேன்; அதுவும் இந்தக் கையெழுத்திலேதான் வந்து முட்டும். வாக்கன் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வாழும் கிராமம். 1990இல் சில நூறு பேருடன் தொடங்கிய விழாவுக்கு இப்போது 85,000 பேர் வருகிறார்கள். அத்தனை பேரும் நிற்பது மேய்ச்சல் நிலத்தில். மேடைகளுக்கு முன்னால் நிழல் என்று சொல்லிக்கொள்ள எதுவும் கிடையாது. வடக்கே அவ்வளவு தூரத்தில் ஜூலை இறுதியில் இரவு ஒன்பது மணிக்கும் சூரியன் நிற்கும். காலையில் ஐந்தரைக்கே எழும்பிவிடும். இரவு இரண்டு மணிக்குப் படுத்தவர்களைக் காலை எட்டு மணிக்குக் கூடாரம் அவித்து வெளியே தள்ளும். ஆகவே நித்திரையும் இருக்காது.

இப்போது இரண்டாம் நாள் பிற்பகல் நான்கு மணியை நினைத்துப் பார். தம்பி கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்கிறான், கால் பின்னுகிறது, கழுத்தைத் தொட்டால் கொதிக்கிறது. அதைக் களைப்பு என்று எண்ணிக் கூடாரத்துக்குள் படுக்கவைத்துவிடாதே. உடலின் வெப்பம் 40 பாகையை எட்டி மூளை குழம்பத் தொடங்கும் வெப்பத் தாக்கு அது, உயிரைக் கொண்டுபோகும். உடனே பாதுகாப்பு ஊழியரைக் கூப்பிடு, அல்லது அவசர உதவி எண்ணான 112ஐ அழை. நிழலுக்கு இழுத்துச் சென்று, மேற்சட்டையைக் கழற்றி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறு. நினைவு தடுமாறும்போது வாயில் எதையும் ஊற்றாதே. முதலுதவிக் கூடாரத்தில் உன்னிடம் கேட்பார்கள்: சிறு வயதில் இவனுக்கு வலிப்பு வந்ததுண்டா, முட்டு வருத்தம் உண்டா, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது? சொல், உனக்கு இதில் எத்தனை தெரியும்? இவை எல்லாம் தெரிந்த ஒரே மனுஷியிடம் நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த நேரத்தில் அவளுக்கு அழைப்பெடுத்து, "அம்மா, நாங்கள் வாக்கனில் நிற்கிறோம்" என்று முதலில் எங்கே நிற்கிறீர்கள் என்பதிலிருந்தா கதையைத் தொடங்கப்போகிறாய்?

இன்னொன்றையும் சொல்கிறேன். உன் வீட்டிலிருந்து அதிக தூரமில்லாத ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோவில் தேர்த் திருவிழாவுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். நண்பகல் வெய்யிலில், தார் வீதியில், ஆயிரக்கணக்கான சனத்துக்கு நடுவில் எங்கள் தாய்மார் எப்படி நின்றார்கள் என்று பார்த்தேன். ஒரு அம்மா ஈரத் துவாயைப் பிள்ளையின் பிடரியில் போட்டு, அது காய்ந்ததும் எடுத்து நனைத்து மறுபடி போட்டுக்கொண்டிருந்தார். பைக்குள் உப்புப் போட்ட மோர், வெட்டிய தேசிக்காய், ஒரு சிறு பொட்டலத்தில் சீனி. கனமெட்டல் இசை அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். வெய்யிலும் சனநெரிசலும் உன்னைவிட நன்றாகத் தெரியும். வெறும் தண்ணீரை மட்டும் லீற்றர் கணக்கில் குடித்தால் வியர்வையில் போன உப்புத் திரும்பாது. வயிற்றோட்டத்துக்கு வீட்டில் கரைத்துக் கொடுக்கும் ஒரு லீற்றர் நீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு என்ற அளவு வியர்த்துக் களைத்தவனுக்கும் உதவும். அளவு பிசகக்கூடாது, அம்மாவிடம் கரைத்துக் காட்டச் சொல்.

கறுப்பு ரீசேட்டுகள் இரவுக்கு இருக்கட்டும். பகலில் வெளிர் நிறப் பருத்தி உடுப்பும் விளிம்பு அகன்ற தொப்பியும் போடுங்கள். கறுத்த தோல் வெய்யிலில் எரியாது என்ற எங்கள் ஆட்களின் எண்ணம் பிழை. வெய்யில் களிம்பு இருவருக்கும் வேண்டும். புதுச் சப்பாத்தை இன்றைக்கே போட்டு நடக்கத் தொடங்கு, இல்லாவிட்டால் முதல் நாளே குதிக்கால் கொப்பளிக்கும். றப்பர் சப்பாத்தையும் கட்டு: 2023இல் மழையில் அந்த வயல்கள் சேறாகி, நுழைவையே நிறுத்தி, சீட்டு வைத்திருந்தவர்களையும் வழியிலேயே திருப்பி அனுப்பினார்கள்.

காதைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை. 85 டெசிபல் ஒலியை எட்டு மணித்தியாலம் தாங்கும் காது, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அதில் பாதி நேரமே தாங்கும். 100 டெசிபலில் அது 15 நிமிடமாகிவிடுகிறது. ஜேர்மனியில் இத்தகைய இசை நிகழ்ச்சிகளுக்குப் பின்பற்றும் நியமமே அரை மணிநேரச் சராசரியாக 99 டெசிபல் வரை விடுகிறது. நீங்கள் நிற்கப்போவதோ நாள்முழுவதும். ஒலியை உணரும் உட்காதின் மயிர்க்கலங்கள் செத்தால் மறுபடி முளைக்காது. தம்பியின் காதில் அடைப்பான் இருக்கிறதா என்று ஒவ்வொரு குழு மேடையேறும்போதும் நீ பார்க்க வேண்டும். இந்நாட்டில் 16 வயதிலேயே பியர் வாங்கலாம். சட்டம் விட்டாலும் அந்த வெய்யிலில் நீ விடாதே. அவன் கோபிப்பான், கோபிக்கட்டும். அக்கா என்று கூட்டிக்கொண்டு போனால் அதுதான் வேலை.

இன்று இரவு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிய தாள் ஒன்றை அச்செடு. சாப்பாடு முடிந்து அம்மா இருக்கும்போது பக்கத்தில் இருந்து, ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல். முன்பு நீ செய்ததையும் சொல். ஏசுவார், கேட்டுக்கொள். அவர் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, தம்பியின் வருத்தங்களையும் மருந்துகளையும் அவர் சொல்லச் சொல்ல அதே இடத்தில் எழுதி, மருத்துவக் காப்புறுதி அட்டையோடு சேர்த்து வை. பிறகு அவர் கையெழுத்து வைக்கட்டும், தமிழிலேயே வைக்கட்டும். மாட்டேன் என்றால், இந்த வருடம் தம்பி வீட்டில் நிற்கட்டும். நீ போய் வா.