குளிரில் கலர் பிலிம் கழுவுவது: கேள்வி பதில்

வீட்டிலேயே சி-41 முறையில், அதாவது கலர் நெகட்டிவ் பிலிமுக்கான மருந்துகளில், கழுவுகிறவர்கள் கேட்டவை இவை. நான் லேப்காரன் இல்லை, நுவரெலியாவில் குளியலறைக்குள் கழுவிப் பழகியவன்.

அண்ணே, ஹட்டனில் இருக்கிறேன். டெவலப்பரை, அதுதான் படத்தை வரவைக்கிற முதல் மருந்தை, 38 டிகிரியில்தான் ஊற்றுகிறேன், ஆனாலும் ஒவ்வொரு ரோலும் ஒவ்வொரு நிறத்தில் வருகிறது.

ஊற்றும்போது 38, சரி தம்பி. திரும்ப வெளியே ஊற்றும்போது எவ்வளவு என்று அளந்தீர்களா? டெவலப்பருக்கு 37.8 டிகிரி, 3 நிமிடம் 15 விநாடி, இதில் விளையாட முடியாது. விடியக் குளிரில் சில்லென்று கிடக்கிற பிலிம் கழுவும் டேங்குக்குள் ஊற்றினால் அந்த டேங்கே சூட்டைக் குடித்துவிடும். பிலிமில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிப் படலம், சூடு இறங்கினால் மூன்றும் ஒரே அளவாகப் பின்தங்காது, அதனால்தான் ஸ்கேனில் நிழலைச் சரிசெய்தால் வெளிச்சம் கெடுகிறது, வெளிச்சத்தைப் பார்த்தால் நிழல் பச்சையடிக்கிறது. பெரிய பேசினில் 39 டிகிரி தண்ணீர் வையுங்கள், சின்னச் சட்டி வேண்டாம், உடனே ஆறிவிடும். போத்தல்களையும் பிலிம் போட்டு மூடிய டேங்கையும் கழுத்தளவுக்கு அதில் வைத்து, டேங்குக்குள்ளும் அதே சூட்டுத் தண்ணீரை ஊற்றி ஐந்து நிமிடம் விட்டுக் கொட்டிவிட்டு, பிறகு டெவலப்பர். பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் சுடுதண்ணீர் இருக்கட்டும், பேசின் ஆற ஆற ஊற்றலாம். மச்சானின் கல்யாண ரோல் இரண்டை மார்கழியில் இதெல்லாம் செய்யாமல்தான் நாசமாக்கினேன், இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறான்.

டெவலப்பருக்குப் பிறகு வெள்ளியை எடுக்க ஊற்றுகிற பிளீச், பிக்ஸருக்கும் அதே சூடா?

இல்லை. 30, 35 இருந்தால் போதும், ஒன்றிரண்டு நிமிடம் கூடினாலும் ஒன்றும் ஆகாது. நேரம் குறைந்தால்தான் வம்பு: வெள்ளி பிலிமிலேயே தங்கி நிறம் மங்கிப்போகும். அப்படி வந்தாலும் பயப்படாதீர்கள், வெளிச்சத்திலேயே மறுபடி பிளீச், பிக்ஸர் போடலாம். ஆனால் பிளீச் ஒரு சொட்டு டெவலப்பருக்குள் விழுந்தால் அது போச்சு.

பிலிம் ஓரத்து ஓட்டைகளுக்கு நேரே கோடு கோடாக வருகிறதே?

டேங்கைக் கோபத்தோடு குலுக்குகிறீர்கள். முதல் 30 விநாடி விடாமல், அப்புறம் 30 விநாடிக்கு ஒருமுறை நான்கு தரம் மெதுவாகக் கவிழ்த்து எடுங்கள்.

காய்ந்த பிறகு வட்டம் வட்டமாகத் தண்ணீர்க் கறை, அண்ணா.

கடைசி மருந்தான ஸ்டெபிலைசரை வடித்த நீரில் கலக்குங்கள் தங்கச்சி, அதற்குப் பிறகு தண்ணீரில் அலசவே கூடாது. துடைக்கவும் வேண்டாம், கீழே கிளிப் மாட்டி குளியலறையில் தொங்கவிடுங்கள். மூட்டம் போட்ட நாளில் இரவு முழுக்க எடுக்கும். அவசரப்பட்டு அடுப்புப் பக்கம் கொண்டுபோனால் கரித்தூசி ஒட்டும், பிறகு அது போகவே போகாது.

டெவலப்பர் தேத்தண்ணி நிறமாகிவிட்டது, இன்னொரு ரோல் போடலாமா?

சாயத் தேத்தண்ணி மாதிரி கறுத்திருந்தால் வேண்டாம், காற்றுப் பட்டுச் செத்துவிட்டது. அடுத்த முறை போத்தலைக் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். பழைய பிக்ஸரில் வெள்ளி இருக்கும், அதை லீக்ஸ் பாத்திப் பக்கம் ஊற்றிவிடாதீர்கள்.